பேஸ் கிட்டார்க்காரன் வாங்கிய ஸ்பீக்கர்

ஆர்கெஸ்ட்ரா பார்க்க வருகிறவர்கள் யாரும் பேஸ் கிட்டார்க்காரனைப் பார்ப்பதில்லை. பாடுகிறவரைப் பார்ப்பார்கள். கீபோர்டுக்காரரின் விரல்களைப் பார்ப்பார்கள். ட்ரம்ஸ் இருந்தால் குழந்தைகள் அதற்கு நேர் எதிரே போய் உட்கார்ந்துகொள்ளும். நான் பின்னால் ஓரமாக நிற்பேன். என் மனைவியே ஒருமுறை கேட்டாள், "நீங்க வாசிக்கறது எதுங்க? எனக்குத் தனியா ஒண்ணும் கேக்கலயே." கல்யாணமாகிப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு வந்த கேள்வி. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. பேஸ் என்பது பாட்டின் அடியில் ஓடுகிற கனத்த சத்தம். இருக்கும்போது யாருக்கும் தெரியாது, நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும் என்று அவளுக்குச் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பகலில் எனக்குப் பெங்களூர் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை. பல்பு, குழாய், டிஷ்யூ பேப்பர், நாற்காலிச் சக்கரம் என்று கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுக்க வேண்டும். வீடு ஜோகுபாளையத்தில். சனி, ஞாயிறும் முகூர்த்த நாள்களும் ஆர்கெஸ்ட்ராவுக்கு. அம்மன் கோயில் திருவிழா, பிள்ளையார் பந்தல், கர்நாடகம் உருவான நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்சவம், ரிசப்ஷன். பந்தலில் முதலில் கன்னடப் பாட்டுகளை முடித்துவிட வேண்டும். பிறகு தமிழ். நடுவில் யாராவது மேடைக்கு ஆள் அனுப்பிக் கேட்டால் இந்தி. எங்கள் குழுவை நடத்துகிறவர் என்னைவிடச் சின்னவர்தான். ஆனாலும் புரோக்ராம் பிடிப்பது, பாட்டு முடிவு செய்வது, மேடையில் மைக் பிடித்து அறிவிப்பது எல்லாம் அவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

ஒரு காலத்தில் நாங்கள் மேடை நிறைய இருந்தோம். முதலில் வயலின் போனது. பிறகு புல்லாங்குழல். அவர்கள் வாசித்ததை எல்லாம் லேப்டாப்பில் ஏற்றிவைத்து, பாட்டோடு ஓடவிட்டார் மாஸ்டர். அதற்கு ட்ராக் என்று பெயர். அடுத்த வருஷம் ட்ரம்ஸ்காரரும் வரவில்லை. அவர் இடத்தில் ஒரு ஸ்டூலும் அதன்மேல் அந்த லேப்டாப்பும் இருந்தன. ட்ரம்ஸ்காரருக்கு வயிறும் பெரிது, குரலும் பெரிது. அவ்வளவு பெரிய ஆள் ஸ்டூல் அளவுக்குச் சுருங்கியதைப் பார்த்தபோது எனக்குப் பயம் வந்தது. லேப்டாப்பில் பேஸையும் போடலாம். அதற்கு ஒரு நிமிஷ வேலைகூட இல்லை. அடுத்தது யார் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

அந்த ஆண்டு பிள்ளையார் சதுர்த்திக்கு முன்னால் மாஸ்டர் போன் செய்தார். "அண்ணா, பந்தல்ல பசங்க எல்லாம் புதுப் பாட்டுதான் கேக்கறாங்க. வாட்ஸாப்ல போட்டுருக்கேன். கொஞ்சம் எடுத்துக்குங்க."

எடுத்துக்கொள்வது என்றால் கேட்டுக் கேட்டு விரலில் ஏற்றிக்கொள்வது. எனக்கு நோட்டேஷன் படிக்கத் தெரியாது. எங்கள் மேடையில் யாருக்கும் தெரியாது. பாட்டைப் போட்டுவிட்டு, கிட்டாரை மடியில் வைத்து, அடியில் என்ன ஓடுகிறது என்று துழாவித்தான் எல்லாப் பாட்டையும் வாசிக்கப் பழகினேன். இந்தத் தடவை தடுமாறினால் என் இடத்திலும் ஸ்டூல் வரும் என்பது தெளிவாகத் தெரிந்தது. எனக்கு ஸ்டோர் வேலை போனால்கூட வேறு வேலை தேடிக்கொள்வேன். இது போனால் நான் பல்பு எடுத்துக்கொடுக்கிற ஆள் மட்டும்தான்.

வீட்டிலிருந்த கம்ப்யூட்டர் எங்கள் ஆபீசில் கழித்துக்கட்டியது. அதனுடன் வந்த ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஒவ்வொன்றும் சோப்பு டப்பா அளவு. புதுப் பாட்டுகளைப் போட்டேன். குரல் கேட்டது, கைதட்டல் மாதிரி ஏதோ கேட்டது, அடியில் ஒன்றுமே இல்லை. இயர்போன் வைத்தால் கேட்டது. ஆனால் காதை அடைத்துக்கொண்டால் என் கிட்டார் எனக்குக் கேட்கவில்லை. இரண்டும் சேர்ந்து கேட்டால்தான் சரியா தப்பா என்று தெரியும். நல்ல ஸ்பீக்கர் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு சனிக்கிழமை எஸ்.பி. ரோடுக்குப் போனேன். பெங்களூரில் வயர், ஸ்விட்ச், கம்ப்யூட்டர் சாமான் எது வேண்டுமானாலும் அங்கேதான். நான் நுழைந்த கடையில் ஸ்பீக்கர்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. பாதிக்கு மேல் நீலமும் சிவப்புமாக விளக்கு எரிந்தது. பாட்டு கேட்கிற பெட்டிக்கு எதற்கு விளக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தே தமிழில் ஆரம்பித்தார். "வாங்க பாஸ். கேமிங்கா, பாட்டா?"

"பாட்டுதான். பேஸ் நல்லாக் கேக்கணும்."

"அத்த மொதல்லயே சொல்லணும்ல" என்று ஒரு செட்டை இறக்கினார். இரண்டு சின்னப் பெட்டி, தரையில் வைக்க ஒரு பெரிய பெட்டி. அந்தப் பெரியதுக்கு வூஃபர் என்று பெயர். அவராக ஒரு பாட்டைப் போட்டார். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. "நெஞ்சுல அடிக்குதா பாஸ்? செம மஜா. ஊட்ல தியேட்டரே."

நான் இந்த வித்தைக்கெல்லாம் மயங்குகிறவன் இல்லை என்று காட்ட நினைத்தேன். "இருங்க, நான் ஒரு பாட்டு போடறேன்" என்று என் போனை இணைத்தேன். எங்கள் குழு எந்த மேடையிலும் முதலில் வாசிக்கும் பழைய பாட்டு. அதன் பேஸ் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒவ்வொரு சுரமும் படி இறங்கி ஏறுவது அப்படியே கேட்டது. சந்தேகத்துக்கு அடுத்த செட்டிலும் அதே பாட்டைப் போட்டேன். அதிலும் கேட்டது. அதற்கடுத்ததிலும் கேட்டது. எல்லாவற்றிலும் நன்றாகக் கேட்டதால் கடைக்காரர் சொன்ன முதல் செட்டையே வாங்கிக்கொண்டு, பெட்டியை மடியில் வைத்து ஆட்டோவில் வந்தேன். தெரிந்தவன் வாங்கினால் இப்படித்தான் வாங்க வேண்டும் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் வூஃபரை மேசைக்கு அடியில் சுவர் மூலையில் தள்ளிவைத்து, புதுப் பாட்டைப் போட்டேன். டும் டும் என்று ஒரே சத்தம். சுரம் மாறுகிற இடத்திலும் டும், மாறாத இடத்திலும் டும். சத்தத்தைக் கூட்டினேன், குறைத்தேன். டும் பெரிதானது, சின்னதானது. அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டு அம்மா வாசலில் வந்து நின்றார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"பாட்டு போட்டா நான் இன்னா சொல்லப்போறேன். ஆனா உங்க ஊட்ல பாட்டு, எங்க ஊட்ல டம்ளரு ஆடுது. அலமாரில ஒண்ணு நிக்க மாட்டேங்குது."

அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வீம்புக்காக அந்தப் பழைய பாட்டைக் குறைந்த சத்தத்தில் போட்டேன். அருமையாகக் கேட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாரு, எவ்வளவு தெளிவா இருக்கு. கீழ எறங்குது, இப்ப மேல வருது, கேக்குதா?"

"எனக்கு டம்டம்னுதான் கேக்குது" என்றாள்.

"நல்லாக் கேளு."

"எத்தினி வாட்டி கேட்டாலும் டம்டம்தாங்க."

சோப்பு டப்பா ஸ்பீக்கரை மறுபடி மாட்டி அதே பாட்டைப் போட்டேன். அதில் பேஸ் வர வழியே இல்லை. அதிலும் எனக்குக் கேட்டது. அப்போதுதான் உறைத்தது. ஸ்பீக்கரிலிருந்து அந்த பேஸ் வரவேயில்லை. பாட்டு ஓடினால் என் விரல் வாசிக்கிறது, விரல் வாசிப்பதை நான் காதில் கேட்பதாக நினைத்துக்கொள்கிறேன். தெரிந்த பாட்டை வைத்துச் சோதித்தால் எந்தக் குப்பைப் பெட்டியும் எனக்கு நன்றாகத்தான் பாடும். எஸ்.பி. ரோடில் நான் சோதித்தது என் ஞாபகத்தை. கடைக்காரர் உள்ளுக்குள் சிரித்திருப்பார் என்று நினைத்தபோது எரிச்சலாக வந்தது. அவர் சிரித்திருக்க மாட்டார், அவருக்கு அன்று நான் வந்துபோன நூறு பேரில் ஒருவன்.

அடுத்த சனிக்கிழமை மனைவியையும் அழைத்துப் போனேன். அவளுக்கு ஒரு பேஸ் வரியும் தெரியாது. அதனால் அவள் காதை நம்பலாம். இதைச் சொன்னபோது, "இத்தினி வருஷத்துல என்னப் பத்தி நீங்க சொன்ன நல்ல வார்த்த இதுதான்" என்றாள்.

கடைக்காரர் செட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள முகம் சுளித்தார், விலையில் கொஞ்சம் கழித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். இந்தமுறை நாங்கள் இருவரும் கேட்டிராத ஒரு புதுப் பாட்டைப் போடச் சொன்னேன். நான் பேசக்கூடாது என்று எங்களுக்குள் ஏற்பாடு. விளக்கு எரிகிற பெட்டிகளை எல்லாம் அவள் டம்டம் என்று தள்ளிவிட்டாள். நீளமாகப் படுக்கவைக்கிற ஒன்றை, "இது தகர டப்பாக்குள்ள பாடற மாதிரி இருக்கு" என்றாள். கடைக்காரருக்கு அலுப்பு வந்துவிட்டது. "மேடம், இப்டியே போனா சாயங்காலம் ஆயிடும்" என்று சொல்லிக்கொண்டே, கீழ்த்தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு ஜோடியை எடுத்தார். கறுப்பு மரப்பெட்டி இரண்டு. விளக்கு இல்லை, வூஃபர் இல்லை, ரிமோட்டும் இல்லை. "இத்த யாரும் கேக்கறதில்ல. அடி கம்மி" என்றார்.

பாட்டு ஓடியது. நெஞ்சில் ஒன்றும் அடிக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தலையைச் சாய்த்தாள்.

"கீழ ஒரு ஆம்பள முணுமுணுத்துக்கினே போற மாதிரி இருக்குங்க. ம்ம்... ம்ம்ம்... இப்ப எறங்கிட்டான்."

நடுக்கடையில் நின்று அவள் அதைப் பாடிக் காட்டினாள். சுதி கொஞ்சம் விலகியிருந்தது, ஆனால் வரி சரி. அந்த ஜோடியைக் கட்டச் சொன்னேன்.

வீட்டில் அவற்றை மூலையில் வைக்கவில்லை. மேசைமேல், சுவரைவிட்டுத் தள்ளி, காது உயரத்துக்குப் பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடியில் கொடுத்து, இரண்டையும் என் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தேன். மூலைக்குத் தள்ளினால் அதே டும் கொஞ்சம் தலைகாட்டியது, முன்னால் இழுத்ததும் போய்விட்டது. சத்தம் குறைவாக இருக்கும்போதே எல்லாம் கேட்டது. பக்கத்து வீட்டு டம்ளர்களும் நின்ற இடத்தில் நின்றன. இரண்டு வாரம் தினமும் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தேன். புதுப் பாட்டுகளில் பேஸ் இவ்வளவு வேலை செய்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. சில இடங்களில் பாடகரைவிட நன்றாகப் பாடுகிறது. சிலவற்றை வாசித்தது கம்ப்யூட்டராகத்தான் இருக்கும். அதுவும் நன்றாகத்தான் வாசித்திருந்தது. சின்ன வயதில் முதல் தடவை கிட்டாரைத் தொட்டபோது இருந்த சந்தோஷம் அந்த நாள்களில் எனக்கு மறுபடி இருந்தது.

ரிகர்சல் அல்சூரில் மாஸ்டர் வீட்டு கார் ஷெட்டில். எல்லாப் பாட்டையும் ஒரு தப்பில்லாமல் வாசித்தேன். கடினமான இடம் ஒன்றை முடித்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தேன். அவர் போனில் யாரிடமோ ஜெனரேட்டர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும், "சூப்பர்ணா. ஓகே. அப்டியே பண்ணிருங்க" என்றார். கீபோர்டுக்காரர் கேட்டு, வலது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நான் தேறிவிட்டேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் மனைவிக்குப் பிடித்த பன்னீர் ஜிலேபி வாங்கிப்போனேன்.

சதுர்த்திக்கு மறுநாள் எங்களுக்கு முதல் பந்தல். நன்றாக முடிந்தது. அடுத்த ஞாயிறு காலை மாஸ்டர் எங்கள் வாட்ஸாப் குழுவில் அந்த நிகழ்ச்சியின் ரெக்கார்டிங்கைப் போட்டார். வழக்கமாக யாராவது கூட்டத்தில் நின்று போனில் எடுத்த வீடியோதான் வரும். இது சவுண்டுக்காரரின் மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுத்தது. புதுப் பார்ட்டிகளுக்கு அனுப்ப நல்ல ரெக்கார்டிங் வேண்டும் என்று மாஸ்டர் கேட்டு வாங்கியிருந்தார்.

மேடையில் என் கிட்டாரிலிருந்து சத்தம் இரண்டு வழியாகப் போகும். ஒன்று எனக்குப் பின்னால் இருக்கும் ஆம்ப்ளிஃபையருக்கு. அது நானும் மேடையில் நிற்பவர்களும் கேட்பதற்கு. இன்னொரு வயர் மிக்ஸருக்குப் போகும். அங்கிருந்துதான் ஓரத்தில் அடுக்கியிருக்கும் பெரிய ஸ்பீக்கர்களுக்கு. ஜனங்கள் கேட்பது அதைத்தான்.

ரெக்கார்டிங்கைப் புது ஸ்பீக்கரில் போட்டேன். மனைவி கீரை ஆய்ந்துகொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் பாட்டு, அந்தப் பழைய பாட்டுதான். சரணம் வந்ததும் அவள் என் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, இப்ப கேக்குதுங்க! நீங்க வாசிக்கறது தனியாக் கேக்குது!"

எனக்கும் கேட்டது. ஆனால் அந்த இடத்தில் நான் நேராக இறங்க மாட்டேன். நடுவில் ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டுத்தான் இறங்குவேன். இதில் யாரோ நேராக இறங்கியிருந்தார்கள். அடுத்த பாட்டைப் போட்டேன். இரண்டு வாரம் உட்கார்ந்து எடுத்த பாட்டு அது. பாடகரைவிட நன்றாகப் பாடும் அந்த இடத்தில் ஒற்றைச் சுரம் கட்டை மாதிரி நின்றுகொண்டிருந்தது. கீபோர்டுக்காரரின் இடது கை. நான் அந்த ரெக்கார்டிங்கில் எங்கேயுமே இல்லை.

"அது நான் இல்ல" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குக் கோபம் வரவில்லை. அவமானமாக இருந்தது. போனில் எவ்வளவோ வீடியோ பார்த்து, இந்த இடம் நன்றாக வாசித்திருக்கிறேன் என்று என்னையே பாராட்டியிருக்கிறேன். போன் ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது என்பதுகூடத் தெரியாதவனா நான்? எல்லாம் விரல் ஞாபகம்தான்.

மத்தியானம் கீபோர்டுக்காரரை அவர் வீட்டருகே டீக்கடையில் பிடித்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவர் கையிலிருந்த டீயை வைத்துவிட்டார்.

"போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு ரிசப்ஷன்ல உங்க லைன்ல கர்ர்னு ஹம் அடிச்சிது, ஞாபகம் இருக்காண்ணா? பாதிப் பாட்டுல. சவுண்டுக்காரன் மிக்ஸர்ல உங்க லைன மூடிட்டான். மாஸ்டர் என்னப் பாத்து லெஃப்ட் ஹாண்டுல பேஸ் போடுன்னாரு. போட்டேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னணா... அடுத்த புரோக்ராமுக்கும் அப்டியே வந்துச்சு. யாரும் வேணும்னு பண்ணல. சத்தியமா. மறந்துட்டோம்."

"மாஸ்டருக்குத் தெரியுமா?"

"தெரியும்னுதான் நெனைக்கறேன். அவருக்கும் மறந்துருக்கும்ணா."

என்னை எடுத்துவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்த நாளெல்லாம் நான் ஏற்கெனவே இல்லாமல்தான் இருந்திருக்கிறேன். யாராவது உட்கார்ந்து யோசித்து, இவன் வாசிப்பு போதாது என்று முடிவு செய்திருந்தால்கூடத் தேவலை. அவர் டீக்குக் காசு கொடுக்க வந்தார், நான் விடவில்லை.

அடுத்த பந்தல் எங்கள் பகுதியிலேயே. போகவேண்டாம் என்றுகூட யோசித்தேன். பிறகு சீக்கிரமாகவே போனேன். சவுண்டுக்காரர் மிக்ஸரை விரித்துக்கொண்டிருந்தார். என் வயரைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"பாய், என் லைன இன்னிக்கித் தொறந்து வைங்க."

அவர் மிக்ஸரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணா, அந்த லைன் பேஜார் பண்ணுமே. ஹம் வரும்."

"புது வயர். வராது. வந்தா மூடிருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

கீபோர்டுக்காரரிடம் போய் இன்று இடது கையைச் சும்மா வைக்கச் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மாஸ்டரிடம் எதுவும் சொல்லவில்லை.

கன்னடப் பாட்டுகள் முடிந்து புதுப் பாட்டுகள் ஆரம்பித்தன. மேடை ஓரத்துப் பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து என் சத்தம் தெருவுக்குள் போய், எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. முதல் பாட்டில் ஒரு இடத்தில் தப்பாகவே வாசித்தேன். அந்தத் தப்பும் தெரு முழுக்கக் கேட்டது. முன்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த பசங்களில் ஒருவன் நின்று, எங்கிருந்து வருகிறது என்று தேடுகிற மாதிரி மேடையைப் பார்த்தான். இரண்டாவது பாட்டில் அந்த நல்ல இடம் வந்தது. கொஞ்சம் அழுத்தியே வாசித்தேன் போலிருக்கிறது.

மாஸ்டர் திரும்பினார். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, பாட்டு நடுவிலேயே என்னைப் பார்த்து முறைத்தார். "அண்ணா! இன்னாணா இது? பேஸ் ஓவரா இருக்கு! கம்மி, கம்மி!" என்று உள்ளங்கையைத் தரைப்பக்கம் அழுத்தி அழுத்திக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மேடை கழித்து என்னை ஒருவர் திட்டுகிறார். கண்ணில் தண்ணீர் வந்ததையும் மறைக்கவில்லை, மேடை விளக்கில் யாருக்குத் தெரியப்போகிறது. மாஸ்டர் கையாட்டியதைச் சவுண்டுக்காரரும் பார்த்துவிட்டார். கீழே இருந்தபடியே என் லைன்மேல் விரலை வைத்துக்கொண்டு, மூடிவிடவா என்று சைகையில் கேட்டார்.

நான் வாசித்துக்கொண்டே மேடை ஓரத்துக்கு வந்து குனிந்தேன்.

"மூடாதீங்க பாய். கொஞ்சம் கொறைங்க, போதும்."